கத்திரி டீச்சரும் என் கல்யாணக் கோட்டும்

உலகத்தில் உள்ள துணியெல்லாம் பையாக இருக்க வேண்டியது, வழி தவறித்தான் சட்டையாகவும் வேட்டியாகவும் அலைகிறது என்று மனதார நம்பிய ஒரே மனுஷி கத்திரி டீச்சர்தான். கொடைக்கானல் மிஷன் பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு வாத்தியாராக இருந்தபோது அவர் எனக்குப் பக்கத்து வீடு. தையல் டீச்சர். கணவரை இழந்தவர், பிள்ளை குட்டி கிடையாது. வீட்டில் ஒரு தையல் மிஷின், ஒரு கத்திரி. கத்திரி என்றால் சாதாரணக் கத்திரி இல்லை, கிடாயே வெட்டலாம்.

கடையில் பை கொடுக்கும் வழக்கமெல்லாம் அப்போது ஏது? ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு வெறுங்கையோடு போகிறவனைக் கண்டால் டீச்சருக்கு ரத்தம் கொதிக்கும்.

"ஏன் தம்பி, உருளக்கெழங்க மடியிலயா கட்டிட்டு வருவீங்க? வீட்டுல பழந்துணி இல்ல? நாலு தையல் போட்டா பை! வெரசாப் போயி எடுத்துட்டு வாங்க!"

நடு ரோட்டில் மானம் போகும். போனால் போகிறது என்று விட்டுவிடலாம். ஆனால் "துணி இருக்கு டீச்சர்" என்று வாய் தவறிச் சொன்னவன் தொலைந்தான்.

ஒருநாள் எங்கள் தலைமையாசிரியர் டீச்சர் வீட்டில் குடையை மறந்து வைத்துவிட்டார். மறுநாள் போய்க் கேட்டால் வெறும் கம்பிகள் வருகின்றன!

"ஒரு கம்பி ஒடிஞ்சு கெடந்துச்சுங்க சார். துணி பாவம், நல்லாருந்துச்சு. இந்தாங்க, தண்ணி எறங்காத பை."

திறந்த வாயை மூடத் தலைமையாசிரியருக்கு அரை நாள் ஆயிற்று. அந்த மழைக்காலம் பூராவும் அவர் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டுதான் பள்ளிக்கூடம் வந்தார்.

ஆண்டு விழாவில் நாடகத் திரையை இழுத்தால் இரண்டு ஓரமும் மூடவில்லை. ராணி வேஷத்து டிரில் மாஸ்டர் மீசையை வழித்துக்கொண்டிருந்த காட்சியை ஊரே பார்த்தது. "ஓரமா சும்மாதானே தொங்குச்சு?" என்றார் டீச்சர், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

ஆனால் திருட்டு என்று சொல்லிவிடக் கூடாது. யார் துணியோ அவருக்கே பை. தனக்கென்று ஒரு கைக்குட்டை அளவு எடுத்துக்கொண்டதில்லை. தன் கல்யாணப் புடவையையே வெங்காயப் பையாக்கிய மகராசி அவர்.

எனக்குத் திண்டுக்கல்லில் பெண் நிச்சயமாயிற்று, கல்யாணம் எங்கள் கொடைக்கானல் சர்ச்சில். மாமனார் போலீஸில் ஏட்டாக இருந்தவர். பித்தளைப் பித்தான் வைத்த பழுப்புக் கம்பளிக் கோட்டு ஒன்றைத் தைத்து அனுப்பியிருந்தார். பூச்சி உருண்டை வாடை போகட்டும் என்று அதைக் கொடியில் போட்டுவிட்டு, கல்யாணச் சாமான் வாங்க மதுரைக்கு இறங்கினேன். திரும்பும்போது மழை, மலைப்பாதையில் மண் சரிவு. வத்தலக்குண்டிலேயே மாட்டிக்கொண்டேன்.

எங்கள் ஊரில் மேகம் இறங்கிவிட்டால் கொடியில் போட்ட துணி காயாது, பூஞ்சைதான் பூக்கும். வெளியூர் போனவர் துணி அப்படிக் கிடந்தால் பக்கத்து வீட்டார் எடுத்துப் பத்திரப்படுத்துவது வழக்கம். டீச்சர் எப்படிப் பத்திரப்படுத்துவார் என்பதை நான்தான் யோசித்திருக்க வேண்டும்.

கல்யாணத்துக்கு முந்தின நாள்தான் பாதை திறந்தது. அன்று சர்ச்சில் அறுப்பின் பண்டிகை. அவரவர் கொண்டுவந்த காய்கனியை ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே அங்கே ஓடினேன். எனக்கு முந்தின பஸ்ஸிலேயே வந்துவிட்ட மாமனாரும் பெண்ணும் முன்வரிசையில் இருந்தார்கள். தலைமையாசிரியர்தான் ஏலம் விட்டுக்கொண்டிருந்தார்.

"அடுத்தது நம்ம கணக்கு வாத்தியார் காணிக்கை! பள்ளங்கித் தோட்டத்துக் கேரட்டு, பையோட!"

நான் எந்தக் காணிக்கையும் வைக்கவில்லையே என்று நிமிர்ந்தேன். நீளமாக, ஒல்லியாக, அடியில் பித்தளைப் பித்தான் மினுங்க ஒரு பை அவர் கையில் தொங்கியது. என் கோட்டின் இடது கை! அடுத்து வலது கை வந்தது, பூண்டோடு. கடைசியாக முதுகு வந்தது, பேரிக்காயோடு.

டீச்சர் பின்னாலிருந்து பெருமையாகச் சொன்னார்: "நீங்க ஊர்ல இல்லைல்ல தம்பி, அதான் உங்க துணியில தச்சு உங்க பேர்லயே வச்சேன்!"

மாமனார் எழுந்தார்.

"மாப்ளே, நான் குடுத்த கோட்ட வெட்டிக் கேரட்டா போட்டு வச்சிருக்கீங்க? கோட்டுப் போட்ட மாப்பிள்ளைன்னு திண்டுக்கல்லு பூராச் சொல்லிருக்கேன். காலையில கோட்டோட நிக்கணும். இல்லேன்னா எம்மக மொத பஸ்ல என்கூட எறங்கிருவா."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள், கண்ணெல்லாம் தண்ணீர்.

"அது கல்யாணக் கோட்டா?" என்றார் டீச்சர். அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

கோட்டுக்கு எங்கே போவது? தலைமையாசிரியருடையது என் தொப்புளோடு நின்றுவிட்டது. வேறு யாரிடமும் இல்லை. தூங்காமல் விடிந்தது.

வெள்ளனே கதவு தட்டும் சத்தம். டீச்சர், கையில் ஒரு பை. அதற்குள்ளிருந்து ஒரு கறுப்புக் கோட்டை எடுத்தார். தேய்த்து மடித்தது, கத்திரி படாதது.

"எங்க வீட்டுக்காரரோடது. போடுங்க தம்பி."

எனக்குக் கோட்டு கிடைத்ததைவிட, அந்த வீட்டில் ஒரு துணி முழுசாக இருந்ததுதான் பெரிய அதிர்ச்சி.

"டீச்சர், இத எப்படி வெட்டாம விட்டீங்க?"

டீச்சர் கோட்டை என் தோளில் மாட்டிவிட்டார். அந்த மனிதர் நல்ல ஆகிருதி போலிருக்கிறது, என் விரல்கள் வெளியே தெரியவில்லை. கீழே உட்கார்ந்து கோட்டுக் கையை உள்ளே மடித்துத் தைத்தார். ஒரு நூலைக்கூட வெட்டவில்லை, பல்லால் கடித்தார்.

மாமனார் என்னை மேலும் கீழும் பார்த்தார். "காத்தோட்டமாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பெண்ணை அழைத்துவரப் போனார். கல்யாணம் நடந்தது.

அடுத்த வாரம் கோட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். மடியில் வாங்கி வைத்துக் கொஞ்ச நேரம் தடவினார். பிறகு என்னிடமே நீட்டினார்.

"நீங்களே வச்சுக்கங்க தம்பி. என்கிட்ட கெடந்தா என்னைக்காவது வெட்டிருவேன்."

எத்தனையோ வருஷம் வெட்டாதவர் இனியா வெட்டப்போகிறார்? பொய் என்று இருவருக்குமே தெரியும்.

"சரிங்கம்மா" என்றேன். அதுவரை நான் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன்.