களைப்பு என்று எழுதிக் கொடுத்த மகளுக்கு

ஏலாக்குறிச்சி,
வியாழக்கிழமை.

அன்பு மகள் ஷைனிக்கு,

முப்பத்தோரு வருடம் பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற உன் அப்பா சவரிமுத்து எழுதுவது. அடைக்கல மாதா தயவில் நானும் அம்மாவும் சுகம். நீ சுகமில்லை என்று தெரியும், அதனால் கேட்கவில்லை.

நாலு நாள் தொடர்ந்து விடியுமுன் எழுந்து விமானம் ஓட்டியதில் தலை சுற்றுகிறது, வயிறு எரிகிறது, ஐந்தாம் நாள் ஓட்ட முடியாது என்று நீ கம்பெனிக்கு எழுதிக் கொடுத்ததையும், அவர்கள் விளக்கம் கேட்டிருப்பதையும், "வாபஸ் வாங்கிடட்டுமாப்பா?" என்று நீ போனில் அழுததையும் உன் அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். உன் சித்தப்பா ஆண்ட்ரூஸ் வந்து, "பிளேனு தானாப் போவுமாம்ல? உக்காந்துட்டுப் போறதுக்கு என்னண்ணே களைப்பு?" என்றான். அவனுக்குக் காபி வேண்டாம் என்று அம்மாவிடம் ஜாடை காட்டினேன். அவள் வடையும் சேர்த்துக் கொடுத்தாள்.

வாபஸ் வாங்காதே. ஏன் என்று சொல்கிறேன். இது உன் அம்மாவுக்குக்கூடத் தெரியாது. ஸ்டியரிங் பழுதான பஸ்ஸைச் சாமர்த்தியமாகக் கரும்புக் கொல்லையில் இறக்கி ஐம்பத்திரண்டு பேரைக் காப்பாற்றியதற்காக எனக்குக் கொடுத்த பாராட்டுப் பத்திரம் ஹாலில் தொங்குகிறதே, அதைப் பார்த்துத்தானே நீ பைலட் ஆவேன் என்றாய்? ஸ்டியரிங்கில் ஒரு கோளாறும் இல்லை. லீவு போட்டவனுக்கும் சேர்த்து ரெண்டு நாளாக டபுள் டூட்டி, மத்தியானம் ரெண்டரை மணி, கீழப்பழுவூர் தாண்டியதும் தூங்கிவிட்டேன். "அண்ணே, கரும்பு!" என்று கண்டக்டர் கொளஞ்சி கத்தியபோதுதான் விழித்தேன். ஸ்டியரிங் கதையைக் கட்டியவனும் அவனே. மெக்கானிக் அய்யம்பெருமாள் நல்ல ஸ்டியரிங்கை ஒரு வாரம் கழற்றிக் கழற்றிப் பார்த்தான், பாவம். பின் சீட்டில் ஒரு கைக்குழந்தை இருந்தது. அது அழுத சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. வானத்தில் கரும்புக் கொல்லை கிடையாது, மகளே. முடியவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, உனக்கு வந்திருக்கிறது. எனக்கு அதில் பெருமைதான். அந்தப் பத்திரத்தை இன்று காலை கழற்றிப் பரணில் போட்டுவிட்டேன்.

உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்துவிட்டு நன்றாகத் தூங்கு. மாதா உன் தலைமாட்டில் இருக்கட்டும்.

ஆசிகளுடன்,
அப்பா.

பி.கு.: சனிக்கிழமை உனக்கு ஓய்வு நாள் என்றாயே, வந்துவிடு. காலை ஐந்தரைப் பூசையில் ஆண்ட்ரூஸ் பேரனுக்கு ஞானஸ்நானம், நீதான் ஞானத்தாய். பதினொரு மணிக்கு வரதராசன்பேட்டையிலிருந்து உன்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். நாலு மணிக்குத் திருமானூரில் பிள்ளைகளுக்கு நீ பேசுகிறாய், நோட்டீஸ் அடித்தாயிற்று. தலைப்பு, 'ஓய்வின் அவசியம்'. மாப்பிள்ளை வீட்டார் கண்ணில் பட வேண்டுமே என்று, பத்திரத்தைத் துடைத்து மறுபடி மாட்டிவிட்டேன்.