குடல் டீச்சர் கேட்ட கேள்வி

உலகத்தில் எல்லோரும் நம் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவார்கள். வயிற்றைப் பார்த்துப் பேசிய ஒரே ஆள் எனக்குத் தெரிந்து குடல் டீச்சர்தான். அதுவும் மேலே கட்டியிருக்கும் புடவையை அல்ல, அதற்கும் உள்ளே சுருண்டு கிடக்கும் சமாச்சாரத்தையே நேரில் பார்ப்பது போல ஒரு பார்வை. விடுதிக்குப் புதிதாக வரும் பெண்கள் துப்பட்டாவை இழுத்து விட்டுக்கொள்வார்கள். அதனால் ஒரு பிரயோஜனமும் இருந்ததில்லை.

பெரம்பலூரில் வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதி அது. டீச்சருக்குக் கீழ்த்தளத்தில் முதல் அறை, எனக்கு அதற்கு அடுத்தது. ஒரு கல்லூரியில் உயிர்வேதியியல் சொல்லிக்கொடுத்தார். சொந்த ஊர் வரதராஜன்பேட்டை. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் மட்டும் அது உபயோகப்பட்டது. மற்ற நாட்களில், விடுதியில் சமைக்கும் சரசக்கா வைத்த பெயர்தான் வழக்கில் இருந்தது.

நம் ஊரில் ஆளைப் பார்த்ததும் "சாப்டாச்சா?" என்று கேட்பது மரியாதை. டீச்சருக்கு அந்த மரியாதையில் பாதி நம்பிக்கைதான். "உள்ள போனத எல்லாரும் கேக்கறாங்க. வெளிய வந்துச்சான்னு எவனாச்சும் கேக்கறானா?" என்பார். ஆகவே அவருடைய வணக்கமே வேறு. பல் தேய்த்துக்கொண்டு குழாயடியில் நிற்பவரிடம், "காலைல போயாச்சா?"

விடுதி மொத்தமும் "போயாச்சு டீச்சர்" என்று ஒரே ராகத்தில் பொய் சொல்லப் பழகியிருந்தது. இல்லை என்று சொன்னால் அரை மணி நேரப் பாடம் உண்டு. ஒரு தடவை மாடியறைப் பெண்ணைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். டீச்சர் மாப்பிள்ளையின் அப்பாவிடம் போய் அதே கேள்வியைக் கேட்டுவிட்டார். பெண் அழாத குறை. அந்த மனிதரோ ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "அத ஏங்க கேக்கறீங்க, நாலு நாளாச்சு" என்று நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டார். காபி ஆறியது, பஜ்ஜி ஆறியது, பேச்சு ஆறவில்லை. கிளம்பும்போது, "நல்ல மனுசங்க இருக்கற எடம்" என்று சொல்லி அங்கேயே சம்மதம் தெரிவித்துவிட்டுப் போனார்.

வயிற்றைப் பற்றி எல்லாம் தெரிந்தவர் என்று தெருவில் பேச்சு பரவியதும், குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். குழந்தை ஓயாமல் அழுதால் குடல் ஏறிவிட்டது என்று எண்ணெய் தேய்த்துத் தட்டிவிடுவது இங்கே வழக்கம். டீச்சர் தட்டமாட்டார். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, குடலில் கிருமிகள் எப்படிக் குடியிருக்கின்றன என்று அதன் அம்மாவுக்கு விளக்குவார். நடுவிலேயே குழந்தை தூங்கிவிடும். "தொடவே இல்லக்கா, பேசியே எறக்கிட்டாங்க!" என்று அந்த அம்மா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போவாள். மறுநாள் இன்னும் இரண்டு குழந்தைகள் வரும். எனக்குத் தெரிந்து அவர் வகுப்பில் தூங்கியதற்காக நன்றி சொல்லிவிட்டுப் போனவர்கள் அவர்கள் மட்டும்தான்.

டீச்சரின் இந்தக் குடல் மோகத்துக்கெல்லாம் காரணம், குடலே சுரக்கும் ஒரு சின்னப் பொருள். அதை அவர் கறிக்கடையில் விளக்கியபோது நான் பக்கத்தில் இருந்தேன். போட்டி, அதாவது ஆட்டுக்குடல், வாங்க வந்திருந்தார்.

"கழுவாமக் குடுங்க பாய்."

"யா அல்லா! கழுவாம எப்படி டீச்சரம்மா சாப்புடுவீங்க?"

"சாப்புட இல்ல பாய், பாக்கறதுக்கு. நாளைக்கு பசங்களுக்கு மைக்ராஸ்கோப்புல காட்டணும். இந்தச் சுவத்துல பூரா குழி குழியா இருக்கும். ஒவ்வொரு குழிக்கும் அடியில காவக்கார செல்லு உக்காந்திருக்கு. கெட்ட கிருமி வந்துச்சுன்னா ஒரு குட்டிப் புரதத்தத் துப்பும். அது கிருமி மேல போய் ஒட்டும், ஓட்ட போடும், கிருமி காலி. கடைல வாங்காத மருந்து பாய், உடம்பே செஞ்சுக்கறது."

"ஆட்டுக்கா?"

"ஆட்டுக்கும், எனக்கும், உங்களுக்கும்."

பாய் கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் தன் வயிற்றை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். "மாஷா அல்லா" என்றார். அத்தனை வருடம் குடல் விற்றவர், அன்றைக்குத்தான் அதற்கு மரியாதை செலுத்தினார்.

அந்தக் குடலைத் தூக்குவாளியில் போட்டு விடுதி ஃபிரிட்ஜில் வைத்தார் டீச்சர். சரசக்கா திறந்து பார்த்தார். "பாவம், கழுவக்கூட நேரமில்லாம வச்சுட்டுப் போயிருக்காங்க" என்று உருகி, மஞ்சள் போட்டு அலசி, மிளகு அரைத்து, வாசம் தெருவுக்கே போகும்படி குழம்பு வைத்துவிட்டார். டீச்சர் வந்து சட்டியைப் பார்த்தார். ஒரு வகுப்பே கொதித்துக்கொண்டிருந்தது. பிறகு தட்டை எடுத்து உட்கார்ந்து, ஒரு வாய் சாப்பிட்டு, "பாடமா இருந்திருந்தா இவ்ளோ பேரு ரசிச்சிருக்க மாட்டாங்க சரசு" என்றார்.

எல்லோரும் சப்புக்கொட்டிச் சாப்பிட்டபோது நான் மட்டும் மோர் சோறு சாப்பிட்டேன். டீச்சர் என் தட்டையும் பார்த்தார், வயிற்றையும் பார்த்தார். "நீ ஏம்மா தொடல?" என்றார். பிடிக்காது என்று சொல்லிவிட்டேன்.

பிடிக்கும். நன்றாகவே பிடிக்கும். ஆனால் பல மாதங்களாக எனக்கும் என் வயிற்றுக்கும் ஆகவில்லை. வலது பக்கம் அடிவயிற்றில் வலி. சாப்பிட்டால் ஓட்டம். அரியலூரில் ஒரு ஏஜென்சி ஆபீஸில் எனக்கு வேலை. தினம் பஸ்ஸில் போய் வர வேண்டும். வழியில் எந்த நிறுத்தத்தில் கழிப்பறை இருக்கிறது, எதற்குத் தாழ்ப்பாள் இல்லை என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். மேனேஜர் உடம்புச் சூடு என்றார். மெடிக்கல் கடைக்காரர் கிருமி என்று சொல்லி, கேட்கும்போதெல்லாம் ஆன்டிபயாடிக் அட்டையைக் கிள்ளிக் கொடுத்தார். ஊரில் சித்தி, சாப்பிட்டது எங்கோ சிக்கியிருக்கிறது என்று தொக்கம் எடுக்கிற அம்மாவிடம் கூட்டிப்போனார். அந்த அம்மா ஒரு குழலை வைத்து உறிஞ்சி, வெற்றிலையில் எதையோ துப்பிக் காட்டி, "பழைய கறித்துண்டு" என்றார். சித்திக்கு நிம்மதி. எனக்கு வழக்கம்போல மறுநாளும் ஓட்டம். உடம்பு பாதியாக இளைத்ததும் ஆபீஸில் எல்லோரும், "ஸ்லிம் ஆயிட்டீங்களே, என்ன டயட்?" என்று கேட்டார்கள்.

எல்லோரிடமும் வயிற்றுவலி என்று மட்டும்தான் சொன்னேன், மற்றதை யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? தலைவலி என்றால் சபையில் சொல்லலாம். இதைச் சொல்லக் கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு நம் ஊரில் வாயே கிடையாது. தவிர, யாரும் கேட்கவும் இல்லை.

ஒருவரைத் தவிர. ஒருநாள் காலை குழாயடியில் நிற்கிறேன். சுவரைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். டீச்சர் வாளியோடு வந்தார்.

"காலைல போயாச்சா?"

வழக்கமான பொய்யைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வேறு ஏதோ வந்தது. "விடிஞ்சதுலேருந்து போயிட்டே இருக்கேன் டீச்சர். ரத்தமும் வருது."

வாளியைக் கீழே வைத்தார். அன்றைக்குத்தான் முதல்முறையாக அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"எத்தன நாளா?"

சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "ஏதாச்சும் மாத்திர சொல்லுங்க டீச்சர்" என்றேன். "நான் டாக்டர் இல்லடி. எனக்குக் குடலப் பத்திப் பேசத்தான் தெரியும், வைத்தியம் தெரியாது. கெளம்பு" என்றார்.

உள்ளூர் டாக்டர் குடலில் டிபியாக இருக்கலாமோ என்று சந்தேகப்பட்டு, குழாய் விட்டுப் பார்க்கத் திருச்சிக்கு அனுப்பினார். அதற்கு முதல்நாள் உப்புத் தண்ணீராகக் குடித்துக் குடலைக் காலி செய்ய வேண்டும். விடுதியில் இருந்ததோ இரண்டே கழிப்பறை. டீச்சர் ஒன்றின் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, விடைத்தாள் திருத்திக்கொண்டே காவல் காத்தார். வந்தவர்களையெல்லாம், "மருத்துவ வேல நடக்குது, அடுத்ததுக்குப் போ" என்று விரட்டினார். மாடியறைப் பெண்கள் பக்கத்து வீட்டுக்குப் போய் வந்தார்கள்.

ரிசல்ட் வாங்கப் போனபோதும் கூடவே வந்தார். டிபி இல்லை, க்ரோன்ஸ் என்ற குடல் அழற்சி என்று டாக்டர் சொன்னார். முழுவதும் போகாது, மருந்தால் அடக்கி வைக்கலாம் என்றார். எனக்குக் காது அடைத்துவிட்டது. டீச்சர் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார்.

"சார், பயாப்சில பேனத் செல்லெல்லாம் எப்படி இருந்துச்சு?"

கறிக்கடையில் சொன்ன காவக்கார செல்லின் நிஜப் பெயர் அது. டாக்டர் நிமிர்ந்தார். "நீங்க பேஷண்டுக்கு யாரு?"

"அடுத்த ரூம்."

அதன் பிறகு இருவரும் பேசிய பேச்சில் வெளியே இருந்த கூட்டம் முணுமுணுக்கத் தொடங்கிவிட்டது. நடுநாயகமாக என் குடல் உட்கார்ந்திருந்தது. நான் ஓரமாக இருந்தேன்.

விஷயம் தெரிந்து அரும்பாவூரிலிருந்து அம்மா வந்தாள். வந்ததும் கட்டிலுக்கு அடியிலிருந்த என் பையை இழுத்துத் துணிகளைத் திணிக்க ஆரம்பித்தாள். "வேலையும் வேணாம் ஒண்ணும் வேணாம். வா வூட்டுக்கு. ஊருக்குத் தெரியறதுக்கு முன்னால நாட்டு வைத்தியம் பாத்துக்கலாம்." எங்கள் குடும்பத்தில் காடு கரையில் கூலி வேலை செய்யாமல் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள் நான். அந்தப் பையோடு போனால் திரும்பி வரமாட்டேன் என்று எனக்குத் தெரியும். அழுதுகொண்டு நின்றேன்.

டீச்சர் உள்ளே வந்தார். "போயாச்சாங்க?" என்று அம்மாவைக் கேட்கப் போகிறார் என்று பயந்தேன். நல்லவேளை, "மக்காச்சோளம் எப்படிங்க இருக்கு?" என்றார். நாங்கள் அப்போது குத்தகைக்குச் சோளம் போட்டிருந்தோம்.

"காட்டுப்பன்னி பூந்து மிதிச்சுட்டுப் போவுது" என்றாள் அம்மா, துணியைத் திணித்துக்கொண்டே.

"காவல் போட்டிருப்பீங்கள்ல? அந்த மாதிரிதாங்க, இவ குடல்லயும் காவலுக்கு ஆளு உண்டு. அவங்க துப்பற மருந்து இந்த நோய்க்காரங்க பல பேருக்குக் கொறஞ்சு கெடக்கு. காவக்காரன் தூங்குனதால பன்னி பூந்துச்சா, பன்னி மிதிச்சதால காவக்காரன் ஓடிட்டானா, அதுதான் கேள்வி."

அம்மாவின் கை நின்றது. "எது மொதல்ல?"

"தெரியாது!"

"தூங்கறவன எழுப்ப முடியாதா? இல்லாட்டி அந்த மருந்தயே வெளிய செஞ்சு குடுத்தா?"

"புரதமுங்க. மாத்திரையா விழுங்குனா கறித்துண்டு மாதிரி வயித்துலயே செரிச்சுப் போவும். அத எப்படிக் கொண்டு சேக்கறதுன்னுதான் ஒலகம் பூரா மண்டையப் போட்டு ஒடச்சிக்கிட்டு இருக்காங்க. இன்னும் யாருக்கும் முழுசாத் தெரியாது. எவ்ளோ அழகா இருக்கு பாத்தீங்களா!"

அம்மா எழுந்து நின்றாள். "எம் புள்ள வயித்துல ரத்தம் போவுது. ஒங்களுக்கு அழகா இருக்கா?"

டீச்சரின் முகம் சிவந்துவிட்டது. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"தப்புதாங்க" என்றார் மெதுவாக. "தெரிஞ்சத மட்டும் சொல்றேன். டாக்டர் குடுத்தத விடாம சாப்புட்டா அடங்கி இருக்கும். போறது நின்னாலும் கூடுனாலும் ஒடனே அவருக்குச் சொல்லணும். ஒங்க வூட்டுல இவ ஒளிப்பா. ஒங்களுக்கு வலிக்குமேன்னு ஒளிப்பா. இங்க ஒளிக்க முடியாது. நான் தெனம் காலைல கேப்பேன்."

அம்மா என்னைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள்.

"கேட்டுட்டு எனக்கு போன் போடுவீங்களா?"

"தெனம் ஏழு மணிக்கு."

பையிலிருந்து துணியை அம்மாவே எடுத்து மடித்து வைத்தாள்.

அன்றிலிருந்து என் வயிற்றின் நிலவரம் தினமும் காலையில் அரும்பாவூருக்குப் போய்ச் சேர்ந்தது, வானிலை அறிக்கை மாதிரி. அதோடு விட்டாரா? அரியலூர் பஸ் கண்டக்டரிடம் போய், "இந்தப் புள்ள நிறுத்தச் சொன்னா நிறுத்தணும்" என்றார். ஏன் என்று அவர் கேட்டுத் தொலைத்தார். காவக்கார செல்லில் ஆரம்பித்து முழுப் பாடத்தையும் பஸ்ஸே கேட்டது. பூமி பிளக்காதா என்று நின்றேன். பூமி பிளக்கவில்லை, கதவோரத்து சீட்டில் இருந்த பெரியம்மா எழுந்து, "நீ இங்க ஒக்காரு சாமி" என்றார். அப்புறம் எத்தனையோ நாள் அந்த சீட் எனக்கென்றே காலியாக இருந்தது. இப்போது நோய் அடங்கியிருக்கிறது. மருந்தும் தொடர்கிறது, வேலையும் தொடர்கிறது.

டீச்சர் ஓய்வுபெற்று வரதராஜன்பேட்டையில் தம்பி வீட்டோடு இருக்கிறார். போன மாதம் குடல் டீச்சருக்கே குடலில் ஆபரேஷன். வீட்டுக்கு வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டுப் போனேன். அறை நிறைய உறவுக்காரர்கள். ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் அடுக்கியிருந்தது. வலிக்கிறதா என்றார்கள், தூங்கினீர்களா என்றார்கள், ஆளுக்கு ஒரு தடவை "சாப்டீங்களா?" என்றார்கள். டீச்சர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். பக்கத்தில் போய்க் குனிந்து கேட்டேன்.

"காலைல போயாச்சா டீச்சர்?"

டீச்சர் திரும்பினார். கண் நிறைந்துவிட்டது.

"ரெண்டு நாளா இல்லடி. யாருமே கேக்கல."

தம்பியை டாக்டருக்கு போன் போடச் சொன்னேன். டாக்டர் மருந்து சொன்னார். கிளம்பும் வரை டீச்சர் என் கையை விடவில்லை. என் வயிற்றை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை, முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு போன் போட்டேன். "போயாச்சுடி" என்றார். ஆபீஸில் அன்றைக்கு எனக்கு வேலையே ஓடவில்லை. அவ்வளவு சந்தோஷம்.