ஊமையாகிப்போன வெள்ளி

வெள்ளியின் விலையை லண்டனிலும் மும்பையிலும் நிர்ணயிக்கிறார்கள் என்று நீங்கள் நம்பிக்கொண்டிருந்தால், தயவுசெய்து திருத்திக்கொள்ளுங்கள். அது குளத்தூரில், ஒரு வீட்டின் புழக்கடையில் கிடந்த அம்மிக்கல்லின் மேல் நிர்ணயிக்கப்பட்டது. நிர்ணயித்தவர் டபுள்பெல் அண்ணாச்சி. நான் அந்த வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தவன் என்பதால் அடித்துச் சொல்கிறேன்.

அண்ணாச்சியின் சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே ஆயுள் முழுக்க பஸ் கண்டக்டராக ஓடியவர். ஒற்றை மணி அடித்தால் வண்டி நிற்க வேண்டும், இரட்டை மணி அடித்தால் கிளம்ப வேண்டும். இந்த இரண்டுக்கு மேல் மூன்றாவதாக ஒரு சொல் மனிதனுக்கு எதற்கு என்பது அவர் கட்சி. கல்யாணப் பந்தியில் பாயசம் வந்தால் "டபுள்பெல்!" என்பார். இலை நிறைந்ததும் "சிங்கிள்!" என்பார். பரிமாறுகிறவனும் பிரேக் போட்டது மாதிரி நின்றுவிடுவான்.

ஓய்வு பெற்றபோது கையில் வந்த பணம் மொத்தத்தையும் பழைய வெள்ளி ரூபாயாக மாற்றிவிட்டார். அவர் மனைவி ராஜம் மைனி, பேங்கில் போடுங்கள் என்று கரடியாகக் கத்திப் பார்த்தார்.

"பேங்குல போட்டா புக்குல நம்பர் கெடக்கும். இது பெட்டியில சாதனமா, கையில தொடுக பொருளா கெடக்குமாக்கும். வெல ஏறட்டும் ராஜம். வித்து அம்புட்டும் ஒனக்க பேருல போடுதேன்" என்று அண்ணாச்சி வாக்குக் கொடுத்தார். மைனி அந்த வாக்கை நம்பி, தன் பேரில் ஒரு கணக்கைத் திறந்து, காலி பாஸ்புக்கை அரிசிப் பானைக்குப் பின்னால் பத்திரப்படுத்தினார்.

அண்ணாச்சி வாங்கியது ராஜா தலையும் ராணி தலையும் போட்ட பழைய ரூபாய்கள். அதிலும் மூக்கு மழுங்கி, எழுத்து அழிந்து, ராஜா எது ராணி எது என்று தெரியாத அளவுக்குத் தேய்ந்ததைத்தான் தேடித் தேடி வாங்குவார்.

"மினுங்குத காசுக்கு சேகரிக்கவன் கூடுதல் துட்டு குடுப்பான். எனக்கு மொகம் எதுக்கு? நான் என்ன பொண்ணு பாக்கவா வந்தேன்? தேஞ்சாலும் வெள்ளி வெள்ளிதானே மக்கா!"

காட்டாக்கடை சந்தையில் ஒருவன், பின்பக்கத்து வருஷம் மட்டும் அழியாத ஒரு காசைக் காட்டி, "இது அபூர்வமான வருஷமாக்கும்" என்று விலை ஏற்றினான். "வருஷத்த உருக்கினா வெள்ளி வருமா?" என்று கேட்டார் அண்ணாச்சி. அவன் எடை விலைக்கே கொடுத்துவிட்டான். இந்த நேர்மை இரு பக்கமும் ஓடியதுதான் வேடிக்கை. பிறகு ஒரு நாள் திருவனந்தபுரத்திலிருந்து நாணயம் சேகரிக்கிற ஒருவர் காரில் வந்து, அதே காசுக்குப் பத்து மடங்கு தருவதாகச் சொன்னார். அண்ணாச்சிக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! எடைக்கு மேல் ஒரு பைசா வாங்குவது கள்ளத்தனம் என்று சொல்லி, அவரைக் காரில் ஏற்றி, காரின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டி அனுப்பிவைத்தார். மைனி மட்டும் அவருடைய போன் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டார்.

பழைய கண்டக்டர் பைக்குள் சின்னத் தராசும் காந்தமும் உண்டு. ஆனால் கடைசித் தீர்ப்பு காதுக்குத்தான். வாங்கிவந்த காசை மறுநாள் விடியும்போது அம்மிக்கல்லில் போடுவார். 'ணிங்...' என்று நீளமாகப் பாடினால், "டபுள்பெல்! போட்டே!" என்று ஊரே அதிர ஒரு குரல்; போட்டே என்றால் மலையாளத்தில் போகட்டும். 'டொக்' என்றால், "சிங்கிள்! ஆளிறங்கணும்!" விற்றவன் மறுபேச்சில்லாமல் திரும்ப வாங்கிக்கொள்வான். எனக்கு அலாரம் தேவைப்பட்டதே இல்லை.

அப்புறம்தான் வெள்ளி விலை ஏறத் தொடங்கியது. ஐயோ, அந்த மாதங்கள்! ஆட்டோக்காரன் வண்டியை நிறுத்தி, "அண்ணாச்சி, இன்னைக்கு எவ்வளவு?" என்பான். பால்காரி பாலை அளக்காமல் விலையைக் கேட்டுக்கொண்டு நிற்பாள். ஊரில் பாதிப் பேர் பழைய கொலுசைத் தேடி அலமாரிகளைக் கவிழ்த்துப் போட்டார்கள். அண்ணாச்சி தரையில் நடக்கவில்லை.

ஆனால் புதிதாக ஒரு காசும் வாங்கவில்லை. சந்தைக்குப் போய் வெறும் பையோடு திரும்புவார். "காட்டாக்கடை மொத்தமும் ஈயமாயாச்சு மக்கா. எடுத்தது அம்புட்டும் ஒக்க சிங்கிள். வெல ஏறினா கள்ளனும் ஏறுவான்." அம்மிக்கல் ஓய்ந்துபோக, நான் அலுவலகத்துக்குத் தாமதமாகப் போகத் தொடங்கினேன்.

ஒரு சாயங்காலம் அவர் என்னை ரகசியமாக அழைத்தார்.

"வெல ஏற ஏற ஒனக்க மைனிக்க தொண்ட எறங்கியாச்சு, பாத்தியா? முன்ன அடுக்களையில நின்னு சத்தம் போட்டா பாறசாலை ஸ்டாண்டுல கேக்கும். இப்பம் என்னா ஒரு சாந்தம்! துட்டுக்க மகிமையாக்கும்."

எனக்கு மாடியில் மைனியின் குரல் எந்தக் குறையுமில்லாமல் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. கேட்டும் கேட்காததுபோல் இருப்பது குடும்பஸ்தர்களுக்கே உரிய கலை என்று நினைத்து, மரியாதையாகத் தலையாட்டினேன்.

அவர் மனதில் வைத்திருந்த விலையை வெள்ளி தாண்டிய அன்று வீடே திருவிழாக்கோலம். மைனி பட்டுச்சேலையில், பாஸ்புக்கோடு நின்றார். நான் லீவு போட்டிருந்தேன். விற்கப்போகும் முன்பு ஒவ்வொரு காசையும் தட்டிப் பார்த்துவிடுவது என்று அண்ணாச்சி பெட்டியை அம்மிக்கல் அருகே இழுத்துவந்தார். முதல் காசைப் போட்டார்.

'ணிங்...' எனக்குப் புல்லரித்தது.

அண்ணாச்சி முகம் சுருங்கியது. இன்னொன்றைப் போட்டார். இன்னொன்று. அப்புறம் ஒரு கை அள்ளிப் போட்டார். கோயில் மணிகளையெல்லாம் ஒன்றாக அடித்தது போலிருந்தது. அவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"செத்துப்போச்சு. எல்லாம் சிங்கிளு. ராஜம், நான் ஒன்ன நடுத்தெருவுல எறக்கிவிட்டேனே!"

"அண்ணாச்சி, நல்லாத்தானே கேக்குது!" என்றேன்.

"எலே, நீயும் கூட்டாக்கும்? மாடியில இருந்து எறங்கிவந்து மாத்தினியாலே?"

அடுத்த நிமிஷம் பழி கடலுக்குப் போனது. உப்புக்காற்று அடித்து வெள்ளி உள்ளுக்குள் அவிந்துவிட்டதாம். மைனி பாஸ்புக்கை இடுப்பில் செருகிக்கொண்டு ஆட்டோவைக் கூப்பிட்டார்.

நெய்யாற்றின்கரை நகைக்கடையில் மெஷினில் வைத்துப் பார்த்தார்கள். எல்லாம் அசல் வெள்ளி. அண்ணாச்சி ஒப்பவில்லை. "மெஷினுக்குக் காது உண்டா பிள்ளே? நீரே கண்ணாடி மேல ஒண்ண போடும், பாப்போம்."

கடைக்காரர் ஒரு காசை மேசைக் கண்ணாடியில் போட்டார். கொலுசு பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். வாசலில் நின்ற செக்யூரிட்டி திரும்பிப் பார்த்தார். அண்ணாச்சி மட்டும் காதைச் சாய்த்து, கண்ணை மூடிக் காத்திருந்தார்.

"போடும் பிள்ளே, எதுக்கு நிக்கீரு?"

"சேட்டா, ஞான் போட்டாச்சல்லோ!"

மைனி அவர் தோளைப் பிடித்துத் திருப்பி, முகத்துக்கு நேரே நின்று கத்தினார். "காசுக்கு ஒண்ணுமில்ல. ஒங்க காதுக்காக்கும்! நான் பேசினா திரும்பிப் பாக்காத்தது இதுனாலயா? துட்டு வந்த திமிருல என்னை மதிக்கல்லன்னுல்லா நெனச்சேன்! எத்தன ராத்திரி அழுதிருக்கேன், தெரியுமா?"

"அப்பம் நீ பேசிட்டா இருந்த?" என்றார் அண்ணாச்சி. வெள்ளி பிழைத்துவிட்டது என்ற சந்தோஷம் அந்த முகத்தில் ஒரு துளியும் இல்லை.

காது டாக்டர் சொன்னது எளிமையாக இருந்தது. ஆண் குரலும் பஸ் இரைச்சலும் கேட்கும். மெல்லிய, கூரான சத்தங்கள் மட்டும் போய்விட்டன. வெள்ளியின் ரீங்காரம், குக்கர் விசில், ராஜம் மைனி. அண்ணாச்சி எப்போதும் பேசுகிறவரே தவிரக் கேட்கிறவர் இல்லை என்பதால் ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை. காதில் மாட்டுகிற மெஷினின் விலையைக் கேட்டதும் எழுந்துவிட்டார். "அவளுக்குச் சொன்ன துட்டு. எனக்க காதுக்கு அதுல கை வைக்க மாட்டேன்."

மைனி திருவனந்தபுரத்துக்காரருக்கு போன் போட்டு அந்த அபூர்வ வருஷத்துக் காசைக் காது மெஷின் விலைக்குப் பேரம் பேசி முடித்தார். அண்ணாச்சியின் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவர் சட்டைக்குப் பொத்தான் தைத்தபடியேதான் பேசினார். ஒரு காசு தவிர மீதி வெள்ளியெல்லாம் அந்த வாரமே விற்றுப்போய், பணம் பாஸ்புக்கில் ஏறியது.

மெஷின் மாட்டி வந்த அன்று, நினைவுக்கென்று வைத்திருந்த ஒரே ஒரு தேய்ந்த ரூபாயை அம்மிக்கல்லில் போட்டார். 'ணிங்...' அவர் "டபுள்பெல்" என்று சொல்லவில்லை. அதற்குள் அடுக்களையிலிருந்து மைனி தொடங்கிவிட்டார். ஒழுகும் குழாய், வாங்காத தேங்காய், கழற்றிப்போட்ட வேட்டி என்று மாதக்கணக்கான பாக்கி முழுவதும் கொட்டியது.

"மெஷின்ல சத்தத்தக் கொறைக்கட்டுமா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"கொறைக்காண்டாம் மக்கா. இவ்வளவு நாளு இது ஒக்க கேக்காம போச்சே." அப்புறம் கையை உயர்த்தி, அடுக்களையைப் பார்த்துக் கத்தினார். "டபுள்பெல், ராஜம்! போட்டே!"

இப்போது நான் வேறு ஊரில், அலாரம் வைத்து எழுந்திருக்கிறேன். அது அடித்து ஓய்ந்த பிறகும் கொஞ்ச நேரம் படுத்தே கிடப்பேன். யாராவது ஒருவர் ரைட் சொன்னால்தானே வண்டி கிளம்பும்?