நான் வளர்த்த பனிமூட்டம்

“ஜூலை: படத்தில் பனி அழகு. மறு ஜூலை: பனி மேலும் அடர்த்தி. பார்க்கப் பார்க்க ஆழம் கூடும் ஓவியம்.” படத்தின் பின்புறம் நானே எழுதி ஒட்டிய சீட்டு இது. கையெழுத்து என்னுடையதுதான், மறுக்க வழியில்லை.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓவியம் சேர்க்கிறேன். அதுவும் நீலகிரிக் காட்சிகள் மட்டும். (சம்பளம் வந்தால் மனைவி செல்வி அரிசி வாங்குவாள், நான் மலை வாங்குவேன்.) அவற்றில் என் உயிர், ஊட்டியில் ஒரு பழைய சாமான் கடையில் கண்டெடுத்த எண்ணெய் வண்ண ஓவியம். எங்கும் வெண்பனி, அதில் தலை மறைந்த கற்பூர (யூகலிப்டஸ்) மரங்கள், கீழே ஒரு நீலக் கோடு.

“குந்தாப் பள்ளத்தாக்குதானே பாய்?”

“நீங்க சொன்னா சரிதானுங்க” என்றார் கடைக்காரர். அதையே சான்றாக எடுத்துக்கொண்டேன்.

குன்னூர் வீட்டுக் கூடத்தில் மாட்டினேன். மழைக்காலம் முடியும்போதெல்லாம் செல்வி கேட்பாள்: “ஏனுங்க, ஒருக்கா துணியில துடைச்சு உடட்டுங்களா?”

“கலையைத் துடைப்பாங்களா?” என்று பாய்வேன்.

போன வருடம் கோவையில் மலைக்காட்சிகளுக்கென்றே ஓர் ஓவியக் கண்காட்சி ஏற்பாடானது. அதை நடத்தும் அம்மையார் என் சேகரிப்பிலிருந்து ஒரு படம் எடுக்க வருவதாகச் சொன்னார். ஆயுள் முழுக்க நான் காத்திருந்த அங்கீகாரம்! தெரு முழுக்கச் சொல்லிவிட்டு, கோட்டு போட்டுக்கொண்டு காத்திருந்தேன்.

வந்தவரை நேராகக் குந்தாவின் முன் நிறுத்தி, பனியின் தத்துவத்தை விளக்கினேன். அவர் படத்தருகே மூக்கைக் கொண்டுபோனார்.

“சார், இது பனி இல்லைங்க. பூஞ்சை.”

“நான் அப்பவே துடைக்கறேன்னனுங்க!” சமையலறையிலிருந்து செல்வி.

என் அனுமதியோடு அவர் பஞ்சால் மெல்ல ஒற்றினார். முதல் கற்பூர மரத்தின் தலை தெரிந்தது. ஓலை. அடுத்ததில் குலை குலையாகத் தேங்காய். நீலக் கோட்டின் மேல் ஒரு கட்டுமரம், அதில் வலை வீசும் ஆள்.

செல்வி ஈரக் கையோடு வந்து பார்த்தாள். “ஏனுங்க, குந்தா டேம்ல எப்ப இருந்துங்க கட்டுமரம் உடறாங்க?”

அம்மையார் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். பிறகு மற்ற படங்களையும் ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தார். பல படங்களில் பனி இருந்தது. “காப்பி நல்லா இருந்துதுங்க” என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு புறப்பட்டார்.

இன்று எங்கள் வீட்டில் ரொட்டியோ ஊறுகாயோ பூத்துவிட்டால், “அப்பா, பனி இறங்கிருச்சு” என்று மகள் அதைக் கொண்டுவந்து காட்டுகிறாள்.

படத்தில் இருப்பது எந்தக் கடற்கரை என்று தெரிந்தவர்களையெல்லாம் கேட்டுவிட்டேன். இதுவரை உறுதியாகவில்லை. செல்வி மட்டும், குந்தாவுக்குப் பக்கத்து மலையூரான மஞ்சூர் என்கிறாள்.