பல் டாக்டர் கொலையும் துணி அலமாரியும்

ஒரு ஆண்பிள்ளை தன் சொந்த வீட்டில் அரை மணி நேரம் குறுக்கீடு இல்லாமல் பேச வேண்டுமென்றால் எங்கே போவான்? நம்ம ஹார்டுவேர் கடைக்காரர் துணி அலமாரிக்குள் போனார்.

சிரிக்காதீர்கள். பாட்காஸ்ட் செய்கிறவர்கள் பாதிப் பேர் அப்படித்தானாம். சுற்றிலும் துணி இருந்தால் எதிரொலி வராது. இவரும் படுக்கையறைச் சுவர் அலமாரியில் கீழ்த்தட்டைக் கழற்றிவிட்டு, விருந்தாளிகளுக்கென்று எடுத்து வைத்த போர்வைகளுக்கு நடுவில் காலை மடக்கி உட்கார்ந்து, போனை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு, "ரத்தமும் ரகசியமும்! உங்களுடன் நான்..." என்று அடிவயிற்றிலிருந்து ஆரம்பிப்பார். கடையில் ஆணி விற்கிற குரல் வேறு, இது வேறு. இந்தக் குரலைக் கேட்டால் ஆணி சுத்தியல் இல்லாமலே சுவருக்குள் இறங்கிவிடும்.

எல்லாம் சரி, வீட்டில் டீச்சர் என்று ஒருத்தி இருக்கிறாளே! ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரு பார்வையில் உட்கார வைக்கிறவள். அவளைத்தான் இவர் கட்டியிருந்தார்.

"கொலையாளி கதவை மெல்லத் திறந்தான். இருட்டு. உள்ளே காலடி எடுத்து வைத்தான். அப்போது..."

"ஏங்க, மோட்டாரை அணைச்சீங்களா இல்லையா?"

நேயர்களுக்கு இது ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. "அக்காவை இன்னும் பேச விடுங்க" என்று எழுதினார்கள். மனுஷனுக்கு வயிறு எரிந்தது. அலமாரிக் கதவு வேறு தானாகத் திறந்து திறந்து அவள் குரலை உள்ளே விட்டது. உடனே கடையிலிருந்து முதல் தரமான தாழ்ப்பாள் ஒன்றைக் கொண்டுவந்து, கதவின் வெளிப்பக்கம் தன் கையாலேயே முடுக்கினார்.

"நான் உள்ளே போனதும் தாழ்ப்பாளைப் போட்டுடு. தட்டினா திற. நடுவுல ஒரு வார்த்தை பேசக்கூடாது."

"அப்படியே ஆகட்டும்" என்றாள் டீச்சர். அவ்வளவு சுலபமாக அவள் ஒத்துக்கொண்டபோதே இவர் உஷாராகியிருக்க வேண்டாமா?

தன்னைப் பூட்டத் தாழ்ப்பாளையும் கொண்டுவந்து, அதைப் பெண்டாட்டி கையிலேயே ஒப்படைத்த மகானுபாவர் உலகத்தில் இவர் ஒருத்தர்தான். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆனால் இந்தக் கூத்துதான்.

"முடிஞ்சதும்மா, திற."

"திறக்கிறேன். பாத்ரூம் யார் கழுவறது?"

"அது உன் வேலைதானே?"

வெளியே காலடிச் சத்தம் விலகிப் போகும்.

"நான்! நான்! நான் கழுவறேன்!"

காலடி திரும்பி வரும். 'டக்'கென்று தாழ்ப்பாள் நகரும். கால் மரத்துப்போய், வெளிச்சத்தில் கண் கூசி, தட்டுத்தடுமாறி வெளியே வருகிறவர் கையில் பிரஷ்ஷைத் திணித்துவிடுவாள். மின்விசிறி துடைத்தது, ஒட்டடை அடித்தது, அவள் தம்பியோடு போனில் சிரித்துப் பேசியது என்று எல்லாமே அலமாரிக்குள்ளிருந்து கொடுத்த வாக்குறுதிகள்தான்.

அந்தச் சமயத்தில்தான் அவர் பல் டாக்டர் கொலையைக் கையில் எடுத்தார். நாற்பது வருஷத்துக்கு முன்னால் ஊரையே உலுக்கிய கேஸ். டாக்டர் தன் கிளினிக் நாற்காலியிலேயே செத்துக் கிடந்தார். கதவு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தது. பின்னால் ஒரு சின்ன ஜன்னல் மட்டும் திறந்திருந்தது. அதில் நுழையக்கூடிய ஒல்லியான ஆள் அந்தத் தெருவில் ஒருத்தர்தான், பக்கத்துக் கடைத் தையல்காரர். பிடித்துக்கொண்டு போனார்கள். ஆதாரம் இல்லையென்று கோர்ட் விட்டுவிட்டது. ஊர் விடவில்லை.

வாரக்கணக்காக நம்மவர் அந்த ஜன்னலைப் பற்றியே பேசினார். ஆராய்ச்சிக்காகத் தன் வீட்டுப் பாத்ரூம் ஜன்னலில் நுழைந்து பார்த்து, இடுப்போடு மாட்டிக்கொண்டவரை டீச்சர் சோப்புத் தண்ணீர் ஊற்றித்தான் உருவினாள்.

திடீரென்று ஒரு நாள் அவர் போனுக்கு ஒரு குரல் செய்தி வந்தது. தையல்காரருடைய மகள்.

"அண்ணே, எங்கப்பா இன்னும் உயிரோடதான் இருக்கார். நீங்க பேசறதை விடாம கேக்கறார். விடுதலையாகி வந்த நாள்லேர்ந்து அவர் தனியா கடைத்தெருவுக்குப் போனதில்லை. நீங்க உண்மையைக் கண்டுபிடிச்சிடுவீங்கன்னு நம்பிக்கிட்டிருக்கார்."

ஹார்டுவேர்க்காரர் உருகிப்போனார். உருகினதோடு நிறுத்தியிருக்கலாம். "வரும் ஞாயிற்றுக்கிழமை கடைசிப் பகுதி! உண்மை வெளிவரும்! தையல்காரர் பேரில் இருக்கும் கறை துடைக்கப்படும்!" என்று அறிவித்தே விட்டார். கையில் ஒரு துரும்பு கிடையாது. டீச்சரிடம் கேட்கலாம்தான். கேட்பாரா? உயிர் போனாலும் கேட்க மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. உள்ளே போனார். 'டக்.' போனைத் தட்டினார். அடிவயிற்றுக் குரலில் வணக்கம் சொன்னார். அதோடு சரக்கு தீர்ந்தது. கண்ணை மூடினால் வயசான ஒரு மனுஷர் வானொலிக்குப் பக்கத்தில் உட்காருகிற மாதிரி போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருப்பது தெரிந்தது.

"ஏங்க, சத்தத்தையே காணோம்?" வெளியே கட்டிலில் உட்கார்ந்து பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள் டீச்சர். "உள்ளே காத்து இருக்கில்ல?"

"காத்து இருக்கு. கொலையாளிதான் இல்ல" என்றார், அழுகிற குரலில்.

"ஒண்ணு கேக்கட்டுமா? கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்துச்சுன்னு யார் சொன்னா?"

"டாக்டரோட கம்பவுண்டர். காலையில முதல்ல வந்தவர் அவர்தான். தோளால இடிச்சுத் திறந்தார்."

"இடிக்கறதுக்கு முன்னாடி வேற யாராவது பார்த்தாங்களா?"

"சத்தம் கேட்டுத்தான் எல்லாரும் வந்தாங்க. அப்ப தாழ்ப்பாள் பிஞ்சு தொங்கிச்சு."

"பிஞ்ச தாழ்ப்பாளைத்தான் பார்த்தாங்க. போட்ட தாழ்ப்பாளை யாரும் பார்க்கலை."

உள்ளே அவர் போர்வைகளைத் தள்ளிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"திறந்து கிடக்கற கதவுல இருக்கற தாழ்ப்பாளைச் சுத்தியலால பிச்சுத் தொங்க விடலாமில்ல? அதை விக்கிறவர் நீங்க, சொல்லுங்க."

"விடலாம்தான்... ரெண்டு போடு போட்டா போதும்."

"என் கிளாஸ்ல தினம் நடக்கறதுதாங்க. 'டீச்சர், நான் வரும்போதே உடைஞ்சிருந்துச்சு'ன்னு முதல்ல ஓடி வர்றவனைத்தான் நான் முதல்ல நிக்க வைப்பேன்."

"அப்ப கம்பவுண்டர்தான் கொலையாளி!"

"அவசரப்படாதீங்க. அவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாச்சு, வந்து பதில் சொல்ல முடியாது. ஒருத்தர் மேல இருக்கற பழியை எடுத்து இன்னொருத்தர் மேல போடறதா வேலை? கதவு திறந்தே இருந்திருக்கலாம், அவ்வளவுதான். கதவு திறந்திருந்தா ஜன்னல் எதுக்கு? ஜன்னல் வேண்டாம்னா ஒல்லியா ஒரு ஆள் எதுக்கு?"

அட கடவுளே! ஹார்டுவேர்க்காரர் துள்ளினார். மேல்தட்டில் தலை இடித்தது.

"நாற்பது வருஷமா ஒருத்தருக்கும் இது தோணலையே!"

"பூட்டியிருக்குன்னு ஒருத்தர் சொன்னா உடனே நம்பிடறதா?"

"பூட்டின கதவைப் போய் யாராவது சந்தேகப்படுவாங்களாம்மா?"

வெளியே டீச்சர் இருமினாள். சிரிப்பை அடக்குகிற இருமல் மாதிரி இருந்தது. இவருக்கு அதையெல்லாம் கவனிக்க ஏது நேரம்?

போன் அத்தனையையும் பதிவு செய்திருந்தது. அவள் குரலை வெட்டிவிட்டு எல்லாவற்றையும் தானே சொன்னதாகப் போட அவருக்குக் கை பரபரத்தது. பொய் சொல்வானேன், கத்தரிக்கப் பாதி வரைக்கும் போய்விட்டார். தையல்காரர் ஞாபகம் வந்தது. உண்மையைக் கேட்கக் காத்திருக்கிறவருக்கு இதிலும் ஒரு பொய்யா? அப்படியே, தலை இடித்த சத்தம் உட்பட, போட்டுவிட்டார்.

ரெண்டே நாளில் மகளிடமிருந்து செய்தி வந்தது. பாதி அழுகை, பாதி சிரிப்பு.

"அப்பா திரும்பத் திரும்பக் கேட்டார் அண்ணே. சாயந்தரம் நல்ல சட்டையா எடுத்து மாட்டிக்கிட்டு, தனியா கடைத்தெருவுக்குக் கிளம்பிட்டார். டீக்கடையில ஒருத்தர் நகர்ந்து இடம் விட்டாராம். 'உக்காருங்க மாஸ்டர்'னாராம். கதவுக்கு வெளியே பேசின அக்காவுக்குக் கோடி நன்றி சொல்லுங்க. உள்ளே இருந்தவருக்கும் சொல்லிடுங்க."

ரெண்டு பேரும் கட்டிலில் உட்கார்ந்து அதைக் கேட்டார்கள். ரெண்டு பேருக்கும் கண் கலங்கிவிட்டது. ஹார்டுவேர்க்காரர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பெருந்தன்மையாகச் சொன்னார்.

"இனிமே நாம ரெண்டு பேரும் சேர்ந்தே பேசலாம். அலமாரி வேண்டாம், வெளியிலேயே உக்காருவோம். அந்தத் தாழ்ப்பாளை இப்பவே கழட்டிடறேன்."

"வேண்டாங்க, அது பாட்டுக்கு இருக்கட்டுமே" என்றாள் டீச்சர், கொஞ்சம் அவசரமாக.

அவர் கேட்கவில்லை. திருப்புளியோடு போய்க் குனிந்தார். கதவில் தாழ்ப்பாள் இருந்தது. அது போய் மாட்டுகிற வளையம் சட்டத்தில் இல்லை. ரெண்டு வெறும் துவாரம், அதில் தூசி. கதவு தானாகத் திறக்காமலிருக்க இடுக்கில் மடித்துச் செருகின ஒரு கைக்குட்டை.

"ஏம்மா, இந்த வளையம் எங்கே?"

"அதுவா? நீங்க மாட்டின ரெண்டாவது வாரமே கழண்டு விழுந்துடுச்சு."

"அப்ப இத்தனை நாளா நான் உள்ளே... பாத்ரூம்... ஒட்டடை... உன் தம்பி..."

டீச்சர் பிரஷ்ஷை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"தாழ்ப்பாள் விக்கிறவராச்சே, எப்ப மாட்டிக்கப் போறேனோன்னு நானும் பயந்துக்கிட்டேதான் இருந்தேன். நீங்க ஒரு தடவைகூடத் தள்ளிப் பார்க்கலை."