பாலைவன மலையில் இரண்டாவது ரோல்

காதலிக்கிற காலத்தில் ஒருவன் சொல்லும் பொய்களில் பாதியாவது காதலியின் அப்பாவிடம் சொல்வதாகத்தான் இருக்கும். நானும் சொன்னேன். அந்தப் பாவத்துக்கு ஒரு மலையே ஏற வேண்டி வந்தது.

ஜெசியின் அப்பா யாழ்ப்பாணத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். லண்டனுக்குக் குடிவந்த பிறகும் ஞாயிறு பூசையைத் தவறவிடாதவர். பெண் கேட்டுப் போன என்னிடம் ஓமும் சொல்லவில்லை, இல்லையும் சொல்லவில்லை.

"தபசுகாலத்தில ஜோர்தானுக்குப் போறன். ஆண்டவர் நோன்பிருந்த மாதிரி ஒரு வெள்ளியெண்டாலும் வனாந்தரத்தில ஒரு நேரம் மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருக்கவேணும். தம்பி வாறீரோ? மலை ஏறிப் பழக்கமோ?"

"ஓம் அங்கிள், நெடுக ஏறுறனான். ஒருசந்தியும் பிடிப்பன்" என்றேன். (நான் மன்னாரில் பிறந்தவன். எங்கள் ஊரில் நான் கண்ட ஒரே மலை உப்புக் குவியல்தான்.)

ஜெசிக்கு லீவு கிடைக்கவில்லை. "அப்பாவை வடிவாப் பாருங்கோ. அவர் ஓமெண்டாத்தான் எங்கட கலியாணம்" என்று சொல்லி அனுப்பினாள்.

பசி என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பயம். புறப்படும் முன் லண்டன் தமிழ்க் கடையில் எண்ணெயில் பொரித்த ஆறு ரோல்ஸ் வாங்கி, ஈயத்தாளில் சுற்றிப் பைக்குள் ஒளித்தேன். ஈஸ்டருக்கு முந்திய தபசுகால வெள்ளியில் எங்கள் கத்தோலிக்க ஆட்கள் இறைச்சியைத் தொடமாட்டார்கள். வாங்கியதோ மட்டன் ரோல்ஸ். அவசரத்தில் கவனிக்கவில்லை என்று இப்போது எழுதினால் அது இன்னொரு பொய்யாகிவிடும்.

ஜோர்தானில் ஒரு வெள்ளிக்கிழமை நாங்கள் ஏறிய அந்த மலையில் மரமில்லை, பாதையில்லை, போனுக்குச் சிக்னல் இல்லை. வழிகாட்டி சலீமும் அவனுடைய நாயும் முன்னால் போனார்கள். என் வருங்கால மாமா செபமாலை சொல்லிக்கொண்டே ஏறினார். நான் நாலு காலில் ஏறினேன். கொஞ்ச நேரத்தில் நாய் பின்தங்கி என்னோடேயே வரத் தொடங்கியது.

"மிருகங்களுக்கு என்னில நல்ல விருப்பம், அங்கிள்" என்று பெருமையடித்தேன்.

சொல்லி வாய் மூடவில்லை, நாய் பையைப் பிடித்து இழுத்தது. ஈயத்தாள் கிழிந்து ரோல்ஸ் மாமாவின் காலடியில் உருண்டன.

"தம்பி, மரக்கறி ரோலோ?"

"மட்டன், அங்கிள்."

மாமா அப்படியே பாறையில் குந்திவிட்டார். கை நடுங்கியது, முகமெல்லாம் வேர்த்துக் கொட்டியது. கோபத்தில் நடுங்குகிறார், கலியாணம் அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

"சுகர் இறங்கிட்டுது போல. காலமை சாப்பிடாமல் குளிசை போட்டிட்டன். ஜெசிட்டச் சொல்லிப்போடாதையும்."

ஐயோ, எனக்கு உயிரே போய்விட்டது! சலீம் இனிப்புத் தேநீர் எடுத்துவரக் கீழே ஜீப்புக்கு ஓடினான். அதுவரைக்கும் எங்களிடம் இருந்தது அந்த ரோல்ஸ்தான். மண்ணைத் தட்டி ஒன்றை அவர் வாயில் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு தின்றார். சலீம் மூச்சிரைக்க வந்து தேநீரும் பருக்கினான். மெல்ல முகம் தெளிந்தது, நடுக்கமும் நின்றது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது மாமாவின் கை தானாக நீண்டு இரண்டாவது ரோலை எடுத்தது. அதைக் கண்ணைத் திறந்துகொண்டே, ரசித்து ரசித்துத் தின்றார். நாய்க்கும் ஒரு துண்டு போட்டார்.

"இந்த விசயம் இந்த மலையோட இருக்கட்டும், மருமகன்" என்றார்.

மருமகன்! அந்த மலையிலிருந்து எப்படி இறங்கினேன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஆனால் அவரால் இரகசியம் காக்க ஏலவில்லை. எங்கள் கலியாண வீட்டிலேயே மைக்கைப் பிடித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். "சுவாமியாரிட்டப் போய்ச் சொன்னனான். சுகர் வருத்தக்காரருக்கு ஒருசந்தி இல்லை, முதலாவது ரோல் மருந்து எண்டார். பிறகு, 'அப்ப ரெண்டாவது?' எண்டு கேட்டார்" என்றதும் மண்டபமே சிரித்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் எதைத் தேவைக்கு மேல் எடுத்தாலும், "இது ரெண்டாவது ரோல்" என்பதுதான் பேச்சு.

மாமா போய் மூன்று வருடமாகிறது. இந்த முறை நினைவுநாள் தபசுகால வெள்ளியில் வந்தது. ஜெசி வழமைபோல அவர் படத்துக்கு முன்னால் ஒரு ரோல் வைத்தாள். வெள்ளி என்பதால் மரக்கறி ரோல். நான் கடைக்குப் போய் மட்டன் ரோல் ஒன்று வாங்கிவந்து பக்கத்தில் வைத்தேன். ஜெசி என்னைப் பார்த்தாள், பிறகு படத்தைப் பார்த்தாள். அழத்தான் வாயெடுத்தாள், சிரிப்புத்தான் வந்தது.