இல்லாத பூனைக்கு விளக்கவுரை

காலை ஏழு மணிக்கே தையற்கடை வாசலில் தொடங்கிய வரிசை தெருமுனை தாண்டி நின்றது. துணி தைக்க வந்தவர்கள் இல்லை. பூனையைப் பார்க்க வந்தவர்கள். அந்தப் பூனையை யாராலும் பார்க்க முடியாது என்பதுதான் அதன் விசேஷம்!

பார்க்கக்கூடிய ஒரே ஆள் தையற்காரியின் கணவர். அச்சகத்தில் முப்பது வருஷம் பிழை திருத்தியவர்; இல்லாத புள்ளியை இருக்கிறது என்று சொல்லிப் பழக்கமில்லாதவர். கைநடுக்கம் வந்து, பார்க்கின்சன் நோய் என்று டாக்டர் சொல்லி, இரண்டு வருஷமாக மாத்திரை சாப்பிடுகிறார். போன மாதம் புதிதாக இன்னொரு மாத்திரையும் சேர்ந்துகொண்டது. ஐந்தாம் நாள் தையல் மிஷின் பக்கத்து நாற்காலியைக் காட்டி, "இந்தப் பூனை யாருது?" என்று கேட்டார். நாற்காலியில் ஒரு நூல்கூடக் கிடையாது.

மனைவி சிரித்தாள். மாடியில் குடியிருந்தவர் சிரிக்கவில்லை. வீட்டுத் தரகு, தொப்பை குறைக்கும் பெல்ட் என்று தொட்டதெல்லாம் படுத்துவிட்ட மனிதர் அவர். சும்மா விடுவாரா?

"அண்ணே, இது பூனையில்லே. வருங்காலம் பூனை உருவத்துல வந்து உக்காந்திருக்கு!"

அன்றோடு அவர் உரையாசிரியர் ஆகிவிட்டார். மூலத்தை அண்ணன் பார்ப்பார். பொருளை இவர் சொல்வார். பூனை வாலை ஆட்டினால் வழக்கில் வெற்றி. முதுகைக் காட்டினால் மாப்பிள்ளை வெளியூர். தூங்கினால், "அடுத்த வாரம் வாங்க." பூனையின் முடி என்று சின்னச் சின்னக் காகித உறைகளும் விற்றார். உறைக்குள் ஒன்றும் இருக்காது. கண்ணுக்குத் தெரியாத பூனைக்குக் கண்ணுக்குத் தெரிகிற முடியா முளைக்கும்? வாங்கிப் போனவர்கள் அதையும் பிரித்துப் பார்த்துவிட்டு, "பக்கத்து வீட்டுக்காரிக்கு மட்டும் ஒரு கொத்து, எனக்கு ரெண்டே முடியா?" என்று சண்டைக்கு வந்தார்கள்!

தையற்காரி வாயைத் திறக்கவில்லை. வந்த கூட்டத்தில் நாலு பேர் துணியும் தைக்கக் கொடுத்தார்கள். டாக்டரிடம் சொல்லலாம் என்று நினைத்தபோது, "சொன்னா சக்தி போயிடும் அக்கா" என்று மாடிக்காரர் தடுத்தார். இவளும் தலையை ஆட்டித் தொலைத்தாள்.

ஒரு வியாழக்கிழமை கணவர் பூனையை மிதிக்காமல் விலகிப் போகிறேன் என்று நிலைப்படியில் நெற்றியை மோதிக்கொண்டார். ரத்தத்தைப் பார்த்ததும் இவள் கையிலிருந்த துணியாலேயே கட்டுப் போட்டாள். உடனே டாக்டருக்குப் போன் போட்டாள்.

"ஏம்மா, இல்லாதது ஏதாவது தெரிஞ்சா அன்னைக்கே சொல்லுங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே? புது மாத்திரையோட வேலைதான் அது. அவரைக் கூட்டிட்டு வாங்க, பார்த்துட்டுக் கொஞ்சம் கொஞ்சமா குறைக்கலாம். அதுவரைக்கும் நீங்களா எதையும் கூட்டவும் வேணாம், பட்டுன்னு நிறுத்தவும் வேணாம். நிறுத்தினா அது இன்னும் ஆபத்து."

அன்றே போய்க் காட்டினார்கள். டாக்டர் சொன்னபடி குறைத்தார்கள். பதினாலாம் நாள் கணவர் காதோடு காதாக, "பூனையைக் காணோம்டி" என்றார். நோயில் அவர் குரல் ரொம்பவே இறங்கிப்போயிருந்தது. பக்கத்தில் போய் நின்றால்தான் கேட்கும்.

உரையாசிரியர் எங்கே பக்கத்தில் போனார்? மூலத்தைக் கேட்காமலே உரை சொல்லப் பழகி வெகுநாளாகிவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் புது மாத்திரையின் அட்டையோடு வந்து நின்றார்.

"அக்கா, இன்னைக்குப் பெரிய கூட்டம். அண்ணனுக்கு ஒண்ணு சேர்த்துக் குடுங்க. ஒண்ணுக்குப் பூனைன்னா ரெண்டுக்குப் புலியே வரும்!"

"உங்க புலிக்கு என் புருஷன் மண்டையை உடைச்சுக்கணுமா? எடுத்துட்டுப் போங்க!"

"கோவப்படாதீங்க. நீங்க அசந்த நேரம் நானே குடுத்துக்கறேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மிஷினில் உட்கார்ந்தபடி எத்தனை நேரம் காவல் காப்பது? கூட்டம் இருக்கும்வரை இந்த ஆள் விடமாட்டார். இன்றைக்கே கூட்டத்தின் முன்னால் முடித்துவிடுவது என்று தீர்மானித்தாள்.

அளவு நோட்டிலிருந்து இரண்டு தாளைக் கிழித்துக்கொண்டு கடை நடுவில் வந்து நின்றாள்.

"எல்லாருக்கும் ஒரு ஆசை இருக்கும்ல, பூனை எப்படி இருக்குன்னு? ரெண்டு பேரும் ஆளுக்கொரு தாள்ல எழுதட்டும். ஒருத்தர் எழுதறதை இன்னொருத்தர் பார்க்கக் கூடாது. அவ்வளவுதான்."

கூட்டம் கைதட்டியது. உரையாசிரியர் திருதிருவென்று விழித்தார். கைதட்டலுக்கு நடுவே மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? பக்கம் முழுக்க எழுதித் தள்ளி, தாமே எழுந்து நின்று வாசித்தார்.

"கறுப்பு பூனை! இடது காதில் வெள்ளை மச்சம்! வாயில் தங்கச் சாவி!"

"ஆஹா!" என்றது கூட்டம்.

கணவர் நடுங்கும் கையால் நெடுநேரம் எழுதினார். எழுத்து எறும்பு போல இருந்தது; அதுவும் அந்த நோயின் வேலை. தடித்த கண்ணாடி போட்ட ஒருவர் தாளை வாங்கி மூக்கருகே வைத்துப் படித்தார்.

"நாற்காலி. நாலு கால். மேலே ஒன்றும் இல்லை. பூனை போய் நாலு நாள் ஆகிறது. சொன்னேன், மனைவி தவிர ஒருத்தர் காதிலும் விழவில்லை."

எல்லாரும் நாற்காலியை எட்டிப் பார்த்தார்கள். அதற்குள் கணவர் உரையாசிரியரின் தாளை இழுத்து, பழக்கதோஷத்தில் ஒரு திருத்தம் போட்டுவிட்டு மனைவியிடம் முணுமுணுத்தார். அவள் உரக்கச் சொன்னாள்:

"கறுப்புக்கும் பூனைக்கும் நடுவுல 'ப்' விட்டுப்போச்சாம். நாற்காலியில பூனையும் இல்லே, தாள்ல 'ப்'பும் இல்லே!"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். உரையாசிரியர் தொண்டையைச் செருமினார்.

"அது... பூனை இப்ப எனக்கு மட்டும்தான் தெரியுது."

"அப்படியா? அப்ப அதைத் தூக்கிட்டு மாடிக்குப் போங்க. மாத்திரையை மட்டும் இங்க வச்சுட்டுப் போங்க."

அட்டையை வைத்துவிட்டு அவர் படியேறிய வேகத்தில் ஒரு செருப்பு கீழேயே கிடந்தது. உறை வாங்கியவர்கள் பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடினார்கள். ஒரு அம்மாள் மட்டும் நகரவில்லை.

"அதெப்படி இல்லேன்னு சொல்றீங்க? போன வாரம் 'மியாவ்'னு நானே என் காதால கேட்டேனே!"

ஆமாம், நாங்களும் கேட்டோம் என்று பின்னால் ஏழெட்டுக் குரல்கள். தையற்காரி இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"என் புருஷன் மாத்திரை போட்டதால இல்லாததைப் பார்த்தாரு. டாக்டர் அதைக் குறைச்சாரு, சரியாப்போச்சு. நீங்கள்லாம் ஒரு மாத்திரையும் போடாமலே இல்லாததைக் கேட்டீங்களே, உங்களுக்கு எதைக் குறைக்கிறது? வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் மூளையைப் போட்டுப் பாருங்க. அதுக்கு டாக்டர் சீட்டு வேணாம்."